பழைய டீசல் காரும் 52 பயணங்களும்



போன வாரம் காரைத் துடைத்துக்கொண்டிருந்த படத்தைப் போட்டாலும் போட்டேன், உள்பெட்டியில் ஒரே கேள்விகள். "சார், பழைய டீசல் கார் வாங்கலாமா?" "ஒரு வாத்தியாருக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய வண்டி?" இரண்டாவதைக் கேட்டது என் சொந்தத் தம்பி. தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவனிடம் சுருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள். குறை சொன்னால் அதே வண்டி வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஐரோப்பியக் கார், டிக்கி வைத்த செடான், 2 லிட்டர் டீசல் எஞ்சின், ஆறு கியர், 2011 மாடல். புதிதாக இருந்தபோது 17 லட்சத்துக்கு மேல் விற்றது. டாக்டர்களும் கம்பெனி மேனேஜர்களும் பின்சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போகிற ரகம். 2017 ஜூனில், 78,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில், கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடமிருந்து 5 லட்சத்து 25 ஆயிரத்துக்கு வாங்கினேன். ஓய்வு பெற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மைலேஜ் கணக்கு சொன்னால் அது பாதிக் கணக்கு.

நாங்கள் இருப்பது திண்டுக்கல். என் மனைவிக்குப் பிறந்த வீடு நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அம்மாவைப் பார்க்கப் போவதென்றால் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைதான். கேட்கும்போதெல்லாம் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். அரையாண்டுத் தேர்வு, பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம், தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் முப்பது வருடம் தொடர்ந்து ஒருவருக்கு உண்மையான காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தால் அதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் உறைத்தது.

அதற்குள் அவளுக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை வந்துவிட்டது. பேருந்தில் ஏழு மணி நேரம் உட்கார முடியாது. ரயிலில் போகலாம், ஆனால் வலி வந்தால் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. ஒருமுறை சின்னக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனோம். கோவில்பட்டி தாண்டுவதற்குள் பின்சீட்டில் சுருண்டு படுத்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவரின் மகன் இதே ரக வண்டியில் எங்களை மதுரைக்குக் கூட்டிப்போனான். இறங்கும்போது அவள் சொன்னது ஒரே வரி: "என்னங்க, இந்த சீட்டுல முதுகு இருக்கறதே தெரியல."

அவ்வளவுதான். நான் தேடிப் போனது காரை அல்ல, அந்த சீட்டை.

இனி எஞ்சினைப் பற்றி. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடித்துப் பாருங்கள். பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றைச் சட்டென்று நசுக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சினின் அடிப்படை இதுதான். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைக்க ஒரு பிளக் வேண்டும். டீசலில் அது கிடையாது. உள்ளே வந்த காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் எஞ்சினியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இதை ஓட்டிக் காட்டினார். எண்ணெய்க்கு அவர் பெயர் வந்தது அப்படித்தான்.

இந்த வண்டியின் நல்லதும் கெட்டதும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதிகமாக நசுக்குவதால் எரிபொருளிலிருந்து அதிக வேலை கிடைக்கிறது, மைலேஜ் வருகிறது. அதே நசுக்கலைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். சத்தம் போடும். உதிரிபாகங்கள் விலை கூடும். ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன்.

என் வண்டி 1750 சுற்றிலேயே 320 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தருகிறது. சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் 110 வாக்கில்தான் கிடைக்கும், அதுவும் 4000 சுற்றுக்குப் போனால். வீட்டுப் பாஷையில் சொன்னால், லாரியை முந்தும்போது கியரை மாற்றி எஞ்சினைக் கதறவிட வேண்டியதில்லை. காலை லேசாக வைத்தால் போதும், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டதுபோல் போகும். பக்கத்தில் தூங்குகிறவர் விழிக்க மாட்டார்.

நெடுஞ்சாலையில் 80, 90-ல் சீராகப் போனால் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் வரும். டேங்க் 55 லிட்டர். திண்டுக்கல்லில் நிரப்பினால் நாகர்கோவில் போய்த் திரும்பி வந்து, அதற்கு மேலும் நாலைந்து நாள் ஓட்டலாம். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. வாடகைக் கார் அந்த இடத்தில் தள்ளாடியது. இது கிட்டத்தட்ட ஒன்றரை டன். அசையாமல் போகும். டிக்கியில் ஒரு குடும்பத்தையே குடிவைக்கலாம். போகும்போது சிறுமலை வாழைப்பழம், வரும்போது மட்டிப்பழமும் பலாப்பழமும். வாழைக்கு வாழை என்று பண்டமாற்று நடந்துகொண்டே இருந்தது.

இப்போது கெட்டது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிராக்டர் மாதிரி ஒரு சத்தம். எதிர்வீட்டு அம்மா அதைக் கேட்டுத்தான் பால் காய்ச்ச எழுந்திருக்கிறாராம். வண்டி தாழ்வாக இருக்கும். எங்கள் தெரு வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும். நீளம் நாலரை மீட்டருக்கு மேல். மார்க்கெட் பக்கம் கொண்டுபோனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே காய்கறி வாடிவிடும். ஊருக்குள் மைலேஜ் 11-தான். சின்ன ரப்பர் புஷ் வேண்டுமென்றாலும் சென்னையிலிருந்து வர ஒரு வாரம், பத்து நாள்.

நான் ஒரு நோட்டு போட்டு எழுதி வைப்பவன். அதிலிருந்து சொல்கிறேன். கிளட்சும் அதோடு சேர்ந்த ஃப்ளைவீலும் 78,000 ரூபாய். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் 24,000. சஸ்பென்ஷன் வேலை 18,000. நாலு டயர் 30,000. பேட்டரி, ஏசி, சில்லறை என்று எல்லாம் சேர்த்து எட்டு வருடத்தில் டீசல் போக 3 லட்சத்து 40 ஆயிரம். அஞ்சு லட்ச ரூபாய் கார் என்று நினைத்து வாங்குகிறோம். அதன் வைத்தியச் செலவு மட்டும் 17 லட்ச ரூபாய் காருக்கு உரியது. விலை குறைந்துவிட்டது என்பதால் உதிரிபாகத்தின் விலை குறையாது. பழைய பெரிய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

ஆனாலும் மாதம் தவறாமல் போனோம். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்கெல்லாம் வாசலில் நிற்போம். மாமியாருக்கு அப்போது 86 வயது. எல்லாக் காரும் அவருக்கு 'பிளசர்'தான். சத்தம் கேட்டதும் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். "மக்ளே, பிளசரு வந்துட்டா?" என்று முதலில் வண்டியைத்தான் விசாரிப்பார். டீசல் சத்தத்தால் ஒருவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அங்கேதான். பிறகு அம்மாவும் மகளும் பேசத் தொடங்கினால் எனக்கு அங்கே வேலை இல்லை. பெரும்பாலும் ஒன்றும் பெரிதாகப் பேச மாட்டார்கள். கீரை ஆய்வார்கள். தலை வாரிவிடுவார்கள். முப்பது வருடம் நான் தள்ளிப்போட்டது இதைத்தான் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

2020-ல் கொரோனா வந்தது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றார்கள். பல மாதம் போகவில்லை. 2022 நவம்பரில் மாமியார் காலமானார். 91 வயது. கடைசிப் பத்து நாள் மகள் பக்கத்திலேயே இருந்தாள். எல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகு ஒருநாள் நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அந்தக் காரியப் பயணத்தையும் சேர்த்து 52 தடவை போயிருந்தோம். வண்டி 1,21,000 கிலோமீட்டர் காட்டியது.

அதற்குப் பிறகுதான் வண்டிக்குக் கெட்ட காலம் தொடங்கியது.

போக இடம் இல்லை. பால், மருந்துக்கடை, கோயில், ரேஷன் கடை. எல்லாம் ஒன்று, இரண்டு கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர்தான் ஓடியது. முதலில் பிக்கப் குறைந்தது. பிறகு கரும்புகை. பிறகு எஞ்சின் விளக்கு எரியும், அணையும். நான் வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மதுரையில் ஒரு கல்யாணம். கொடைரோடு டோல்கேட் தாண்டி, வாடிப்பட்டிக்கு முன்னால் ஒரு டிரெய்லர் லாரியை முந்த வெளியே எடுத்தேன். பாதியில் வண்டி செத்துவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. காலை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் ஒரு ஆம்னி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. எப்படியோ வேகத்தைக் குறைத்து லாரிக்குப் பின்னாலேயே இடதுபுறம் வந்து நின்றோம். அவள் கதவுப் பிடியை விடவே இல்லை. கல்யாணத்துக்குப் போகாமல் நாற்பதில் உருட்டிக்கொண்டே வீடு திரும்பினோம். அன்று ராத்திரி அவள் ஒன்றுதான் சொன்னாள்: "அம்மா போயாச்சு. வண்டி இனி எதுக்குங்க?"

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு 92,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். டர்போ மாற்ற வேண்டுமாம். புரோக்கர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு 1 லட்சத்து 40 ஆயிரம் என்றார். பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா, 2026-ல 15 வருஷம் முடியுது. வித்துட்டு ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் பெட்ரோல் எடுத்துக்கோங்க" என்றான். நியாயமான பேச்சு. விற்பதென்று முடிவு செய்துவிட்டேன்.

விற்பதற்கு முன் குறைந்தபட்சம் புகையையாவது நிறுத்தலாம் என்று பைபாஸ் பக்கம் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். அங்கே இருந்தவன் என் பழைய மாணவன். அவனே வந்து "சார், வணக்கம் சார்" என்றான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. எனக்கு அவன் முகம் ஞாபகம் வரவில்லை. அவன் மதிப்பெண் ஞாபகம் இருந்தது. இயற்பியலில் 200-க்கு 61. வகுப்பில் எல்லார் முன்னாலும் அதைப் படித்துக் காட்டியவன் நான்தான்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினான். இஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு மாசைக் குறைப்பது அதன் வேலை. அதன் துவாரத்தில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, பழைய வீட்டு அடுப்படிச் சுவர் மாதிரி அப்பியிருந்தது. சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி.

"டர்போ நல்லாத்தான் சார் இருக்கு. இது ஓடித் தேஞ்சதால வந்த கோளாறு இல்ல. ஓடாம இருந்ததால வந்தது. இவ்வளவு பெரிய டீசல பால் வாங்கவா சார் எடுத்துட்டுப் போறது? அது சூடாகி, மூச்சு விட்டு ஓடினாத்தான் கரி சேராம இருக்கும்."

சுத்தம் செய்து மாட்ட 4,500 ரூபாய் வாங்கினான். நான் "உனக்கு இதெல்லாம் எப்படிடா புரிஞ்சது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்று தெரிந்தது. அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்கதான சார் சைக்கிள் பம்ப கொண்டுவந்து என் கையில குடுத்து அடிக்கச் சொன்னீங்க. சுட்டுது. எனக்குப் பாடத்துல அது ஒண்ணுதான் புரிஞ்சது" என்றான்.

அந்த வகுப்பு எனக்கு நினைவே இல்லை. வருடா வருடம் செய்து காட்டியதுதான், யார் கையில் கொடுத்தேன் என்று யார் கண்டது? என்னிடம் மிஞ்சியது 61. அவனிடம் மிஞ்சியது பம்ப். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் போய், அன்றைக்கு வகுப்பில் மார்க்கைப் படித்துக் காட்டியது தப்பு என்று சொன்னேன். "அட விடுங்க சார்" என்று டீ வாங்கிவரச் சொன்னான்.

அவன் கொடுத்த மருந்துச்சீட்டு: பதினைந்து நாளைக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் 80, 100 கிலோமீட்டராவது சீராக ஓட்ட வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கிளம்பினோம். திருமங்கலம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். வண்டி பழையபடி இழுத்தது. திருமங்கலம் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். அவள், "நேரா போனா நாகர்கோவில்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் திருப்பவில்லை. கோவில்பட்டி வரை போய் டீ குடித்து, கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிட்டோம். வருகிற வழியில் அவள் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு வருடமாக அவள் அப்படிப் பேசியதில்லை.

இப்போது மாதம் இரண்டு ஓட்டம். ஒவ்வொரு தடவையும் நடமாட முடியாமல் வீட்டோடு இருக்கும் பழைய சக ஆசிரியர் ஒருவரைப் போய்ப் பார்க்கிறோம். பட்டியலில் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். தேனியில் ஒரு தலைமையாசிரியர், சாத்தூரில் ஒரு தமிழாசிரியை. முன்பு "நேரம் இல்லை" என்று நான் தட்டிக்கழித்த இடங்கள்தான் எல்லாம். வண்டியை விற்கவில்லை. அடுத்த வருடம் தகுதிச் சோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பித்தால் இன்னும் 5 வருடம் ஓட்டலாம். மகனிடம் சொல்லிவிட்டேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள்.

1. மாதம் 1,000 கிலோமீட்டராவது, அதுவும் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், ஓடினால் மட்டும் டீசல் யோசியுங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டப் பெட்ரோலே போதும். ஒரு காலத்தில் இரண்டுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது வித்தியாசம் 10 ரூபாய்க்குள்தான்.

2. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசலில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றும் உண்டு. அதற்கும் நீண்ட ஓட்டம் வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

3. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே போய்விடும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் அங்கிருந்து மலிவாகப் பல வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு வந்தன. விலை ஆசை காட்டும். தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

6. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள். அது வண்டியின் பணம், உங்களுடையது அல்ல.

7. நல்ல மெக்கானிக்கைப் பிடித்துவிட்டுப் பிறகு வண்டியைத் தேடுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. மார்க்கைச் சத்தமாகப் படிக்காதீர்கள். என்றைக்காவது உங்கள் வண்டி அவன் ஷெட்டில் நிற்கும்.

தம்பி, உன் கேள்விக்கும் இதுதான் பதில். அடுத்த ஞாயிறு சாத்தூர் போகிறோம். பின்சீட் காலிதான். வருவதாக இருந்தால் விடிகாலை நாலரைக்கு வாசலில் நில். ஹாரன் அடிக்க மாட்டேன், சத்தம் தானே கேட்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்.